வேம்பும் வெள்ளியும்

வேப்பிலைக்கு நம் நாட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை! அம்மை கண்ட வீட்டின் வாசலில் அதைச் செருகுகிறார்கள். பேயோட்டுவதாகச் சொல்லிப் பிழைப்பவன் கையில் அது கொத்துக் கொத்தாக ஆடுகிறது. ஏழைத் தாய் அதை அரைத்து உருட்டி, வயிற்றுப் பூச்சிக்கென்று பிள்ளையின் வாயில் திணிக்கிறாள். உழவன் தானியக் குதிரில் அதைத் தூவி வைக்கிறான்.

இத்தனை வேலையும் பார்த்துவந்த அந்தக் கசப்பு இலைக்கு, 2004ஆம் ஆண்டில் இன்னொரு வேலையும் கிடைத்தது. புனே நகரின் தேசிய இரசாயன ஆராய்ச்சிக் கூடத்தில், முரளி சாஸ்திரி என்னும் விஞ்ஞானியும் அவருடன் உழைத்தவர்களும் வேப்பிலையை நீரில் வேகவைத்து வடித்தார்கள். வெள்ளியின் உப்புக் கரைந்திருந்த நீரில் அந்தச் சாற்றைச் சேர்த்தார்கள். கண்ணாடி போல் தெளிந்திருந்த நீர் மஞ்சளாயிற்று, மஞ்சள் பழுப்பாயிற்று. தங்கத்தின் உப்பையும் அவ்வாறே சோதித்தார்கள். தங்கத்தின் மேல் வெள்ளி போர்த்த துகளையும் செய்து காட்டினார்கள்.

மந்திரம் ஓதப்படவில்லை. உடுக்கை அடிக்கப்படவில்லை. உப்பாகக் கரைந்து கிடந்த வெள்ளி, கண்ணுக்கெட்டாத நுண்துகளாக உருவெடுத்து நீரில் மிதந்தது. அவ்வளவுதான் நடந்தது! ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் இருபதாண்டுக் காலமாக உலகத்து ஆராய்ச்சிக் கூடங்கள் மூழ்கிக் கிடக்கின்றன.

ஆலையிலும் பட்டறையிலும் பாடுபடும் தோழர் கேட்கலாம்: "எங்கோ ஒரு கூடத்தில் எவரோ இலைச் சாற்றைக் காய்ச்சினால் எனக்கென்ன?" கேட்கவேண்டிய கேள்விதான். உமக்கு நிறைய உண்டு, தோழரே! உம் வீட்டுக் குடிநீரும், நீர் நெய்யும் துணியும், நீர் இழுக்கும் மூச்சும், உம் ஊர்ப் புறம்போக்கில் நிற்கும் வேப்பமரமும் இதிலே சம்பந்தப்பட்டிருக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

சிறுமையின் பெருமை

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதிலே ஒரு கூறு, ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 20 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்களை அணிவகுத்து நிறுத்தினால், ஒரு மயிரிழையின் குறுக்கே 4,000 துகள்கள் நிற்கும்! 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களையே நானோத் துகள்கள் என்கிறார்கள்.

இவ்வளவு சிறிதாக்குவானேன்? விறகை உடைத்துப் போட்டவனுக்கு விடை தெரியும். முழுக் கட்டை புகைந்துகொண்டே கிடக்கும். சிராய்த்துப் போட்ட சுள்ளி குபீரென்று பற்றும். மரம் அதே மரம்தான். காற்று தொடும் பரப்புத்தான் கூடிற்று.

பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள வெள்ளிக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை பத்தரை கிராம். அதன் ஆறு முகங்களின் பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். தபால் தலை ஒன்றின் அளவு. அதே கட்டியைப் பக்கத்துக்குப் பத்து நானோமீட்டர் உள்ள துண்டுகளாக வெட்டினால், மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் கணக்கில் ஏறத்தாழ 15 சென்ட் நிலம்! உள்ளங்கையில் அடங்கும் வெள்ளிக்கு ஒரு தோட்டத்தின் பரப்பு. வினை நடப்பது பரப்பில்தான். ஆகவேதான் சிறுமைக்கு இத்தனை பெருமை!

சிறுத்தால் நிறமும் மாறுகிறது. வெள்ளித் துகள் நீலத்தை விழுங்கி மஞ்சளாகத் தெரிகிறது. தங்கத் துகள் பச்சையை விழுங்கிச் செந்நிறம் காட்டுகிறது. உலோகத்தின் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடுவதன் விளைவு அது. புனேயில் நீர் மஞ்சளானபோது, 'வெள்ளி துகளாயிற்று' என்று அந்த நிறமே முதற் செய்தி சொல்லிற்று.

கொடுப்பதும் இலை, காப்பதும் இலை

வெள்ளியைத் திராவகத்தில் கரைத்தால் வெள்ளி நைட்ரேட் என்னும் உப்பு கிடைக்கிறது. நகைப் பட்டறைத் தோழர்களுக்குத் திராவகத்தின் நெடி புதிதல்ல. அந்த உப்பை நீரில் கரைத்தால் ஒவ்வொரு வெள்ளி அணுவும் ஓர் எலெக்ட்ரானை இழந்த நிலையில் நீந்தும். இழந்ததை எவரேனும் திருப்பிக் கொடுத்தால் அது மறுபடி உலோகமாகும்; ஒன்றோடொன்று கூடித் துகளாகும்.

கொடுப்பவர் யார்? சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரசீன் போன்ற இரசாயனங்கள் கொடுக்கும். கொடுக்கும்போதே கேடும் சேர்த்துக் கொடுக்கும். ஹைட்ரசீன் கொடிய நஞ்சு. சில முறைகளில் டொலுவீன் போன்ற கரைப்பான்களும் வேண்டும். அவற்றின் ஆவியை மூச்சில் வாங்குகிறவன், பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் தொழிலாளிதான்.

இலையும் அதே எலெக்ட்ரானைக் கொடுக்கிறது. இலைக்குள்ளே துவர்ப்புப் பொருள்கள் உண்டு, சர்க்கரைகள் உண்டு, புரதங்கள் உண்டு, மணமும் கசப்பும் தரும் பொருள்கள் உண்டு. தேநீரை, நெல்லிக்காயை, மாதுளைத் தோலைத் துவர்க்க வைக்கும் பொருள்களும் எலெக்ட்ரானை வழங்கும் வள்ளல்களே.

வேலை அத்தோடு முடியவில்லை. பிறந்த துகள்களைச் சும்மா விட்டால், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகி அடியிலே படிந்துவிடும். அப்போது நானோவும் இல்லை, நன்மையும் இல்லை. இலைச் சாற்றின் பொருள்கள் ஒவ்வொரு துகளையும் மெல்லிய போர்வையாகச் சூழ்ந்து, கூடவிடாமல் விலக்கி வைக்கின்றன. கொடுப்பதும் இலை, காப்பதும் இலை!

அளவைப் பாருங்கள். வழக்கமான சோதனையில் ஒரு லிட்டர் நீருக்கு வெள்ளி நைட்ரேட் 0.17 கிராம்தான். அத்தோடு கொஞ்சம் இலைச் சாறு, சில வேளை கொஞ்சம் சூடு. நுண்ணுயிர்களையும் காளான்களையும் கொண்டு இதே துகள்களைச் செய்ய நாட்கணக்கில் காத்திருந்தவர்கள், இலைச் சாற்றில் சில மணி நேரத்திலேயே முடித்தார்கள்.

வேம்பு மட்டுமல்ல. 2002இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து எல்பாசோ கிளையில், கார்டியா-டோரஸ்டே என்பவரின் குழு, குதிரைமசால் என்னும் தீவனப் பயிரைத் தங்க உப்பு கலந்த ஊட்டத்தில் வளர்த்து, செடியின் உடலுக்குள்ளேயே தங்க நானோத் துகள்கள் உருவாவதைக் கண்டது. 2003இல் புனேக் குழு ஜெரேனியம் இலையில் வெள்ளித் துகள் செய்தது. 2004இல் எலுமிச்சைப்புல்லின் சாறு தங்கத்தை முக்கோணத் தகடுகளாக்கிற்று. பிறகு நெல்லிக்கனி, புளிய இலை, கற்றாழை என்று வரிசை நீண்டது. குப்பைமேனிக்கும் துளசிக்கும்கூட இன்று ஆராய்ச்சிக் கட்டுரை உண்டு!

கொல்லன் மகன்

இலைக்கு முன்னே உலை உண்டு. இந்தக் கதையின் முதல் ஏட்டைத் திறந்தவன் ஒரு தொழிலாளியின் மகன்.

மைக்கேல் ஃபாரடே 1791இல் இங்கிலாந்தில் பிறந்தான். தந்தை கொல்லர், நோயாளி, வீட்டிலே வறுமை. பதினான்கு வயதில் பிள்ளை புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகப் போனான். பகலில் கட்டிய புத்தகத்தை ஓய்வு நேரத்தில் படித்தான். கல்லூரிப் படி ஏறாத அந்தக் கைத்தொழிலாளி, 1813இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளனாக நுழைந்து, மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் அடிப்படை கண்டான். இன்று எந்த ஆலையில் பொத்தானை அழுத்தினாலும் அந்தக் கொல்லன் மகன் உழைப்பு ஓடுகிறது!

அவன்தான் 1857இல் தங்க உப்பிலிருந்து செந்நிற நீரைச் செய்து, 'இந்தச் சிவப்பு தங்கமேதான்; கண்ணுக்கெட்டாத அளவுக்குப் பிரிந்து நிற்கும் தங்கம்' என்று உலகத்துக்கு விளக்கினான். அவன் செய்த செந்நிறப் புட்டிகள் சில இன்றும் அங்கே காக்கப்படுகின்றன.

நம் மண்ணுக்கும் அவனுக்கும் ஓர் உறவு உண்டு. 1819இலேயே அவன் ஆராய்ந்து எழுதிய பொருள்களில் ஒன்று, தென்னாட்டு உருக்கு! ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்த எஃகு. சேலத்துப் பகுதியிலும் மைசூர்ப் பகுதியிலும் கொல்லர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் குறித்து வைத்தார்கள். மண் குகையிலே இரும்பை வைத்து, ஆவாரம் விறகைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் இட்டார்களாம். செடியின் கரி இரும்பில் ஏறி எஃகாயிற்று. அத்தகைய எஃகில் அடித்த 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றில் கரியாலான நானோக் குழாய்களைக் கண்டதாக, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர விஞ்ஞானிகள் 2006இல் வெளியிட்டார்கள்.

உலையில் எருக்கு செய்த வேலையும் குடுவையில் வேம்பு செய்யும் வேலையும் ஒன்றல்ல. அங்கே இலை எரிந்து கரியைக் கொடுத்தது; இங்கே இலை எரியாமலே எலெக்ட்ரானைக் கொடுக்கிறது. ஆனால் செடியைக் கொண்டு உலோகத்தின் குணத்தை மாற்றலாம் என்பது, வெயர்வை வடித்த கைகளுக்குப் பழக்கமான சேதி!

பெருமை வேறு, அறிவு வேறு

இந்த இடத்தில் ஒரு கூட்டம் எழுந்து நிற்கும். "பார்த்தீர்களா! நானோ விஞ்ஞானமெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்ததுதான்" என்று மார் தட்டும்.

பொறுங்கள், ஐயா! ரோமானியர் 4ஆம் நூற்றாண்டில் செய்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. முன்னாலிருந்து ஒளி பட்டால் பச்சை. உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பு! கண்ணாடிக்குள் தங்கமும் வெள்ளியும் நானோத் துகளாகக் கலந்திருப்பதே காரணம். அதைச் செய்த கைவினைஞன் நானோ அறிந்தவனா? இல்லை. கை அறிந்தவன், காரணம் அறியாதவன். காரணம் எழுதிவைக்கப்படாததால் அந்தக் கலை அவனோடு போயிற்று. நம் உருக்குக் கதியும் அதுதானே? உலை அணைந்தது, சூத்திரமும் அணைந்தது.

முன்னோரின் கைத்திறனைப் போற்றுவோம்; அந்தப் போற்றுதல் உழைத்த கொல்லனுக்குச் சேரட்டும். ஆனால் அளந்து, எழுதி, பிறர் செய்து பார்த்துச் சரி என்று சொன்ன பின்னரே அதற்கு அறிவு என்று பெயர். பழம்பெருமையைக் காட்டிச் சரக்கு விற்பவனிடம் ஏமாறக் கூடாது.

ஏமாற்றமும் நடக்கிறது. 'வெள்ளி நீர் குடித்தால் எல்லா நோயும் தீரும்' என்று விற்பவர்கள் உலகெங்கும் உண்டு. கடையில் விற்கும் வெள்ளி நீர் மருந்துகளைப் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்க முடியாது என்று, 1999இலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தீர்ப்பளித்தது. அதிகம் குடித்தவர்களின் தோல் நீலம் பாய்ந்து சாம்பல் நிறமாகிவிடும். அந்த நிறம் பின்னர் மாறாது. கண்ணாடித் தட்டில் கிருமி சாவது வேறு, மனித உடலில் நோய் தீருவது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை விற்றால் அது மோசடி!

பசுமை என்று பெயர் வைத்தால் போதுமா?

இலை வழி முறைக்கு 'பசுமை முறை' என்று பெயர். நல்ல பெயர்தான். கணக்கைப் பார்ப்போம்.

இலை பச்சை, ஆனால் வெள்ளி நைட்ரேட் பச்சையா? வெள்ளியைத் திராவகத்தில் கரைக்கும்போது கிளம்பும் புகை நஞ்சு. சுரங்கத்தில் வெள்ளியை வெட்டியவனின் பாடு இருக்கிறது. இலை நீக்கியது ஒரு நஞ்சை. எல்லா நஞ்சையும் அல்ல.

அடுத்தது, மாறாத அளவு. ஒரே மரந்தான், சித்திரையில் பறித்த இலை வேறு, மார்கழியில் பறித்த இலை வேறு. கரிசல் மண்ணில் வளர்ந்தது ஒன்று, செம்மண்ணில் வளர்ந்தது ஒன்று. சாற்றின் சேர்மானம் மாறினால் துகளின் அளவும் வடிவமும் மாறும். ஆலைக்கு வேண்டியது இன்றும் நாளையும் ஒரே சரக்கு. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தும், குடுவையை விட்டுத் தொட்டிக்கு வரமுடியாமல் இந்த முறை பெரும்பாலும் தவிப்பதன் காரணங்களுள் இது முதன்மையானது. எந்தப் பொருள், எவ்வளவு, எந்தச் சூட்டில் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் பொறுமையான உழைப்பே இனி வேண்டுவது. புதிது புதிதாக இலையைப் பறித்துப் பழைய கட்டுரையையே திருப்பி எழுதுவதால் பயன் சிறிது.

பயன் இல்லை என்று சொல்லவில்லை. பயன் மிகப் பெரிது! 2009இல் டாட்டா நிறுவனம், நெல் உமிச் சாம்பலில் வெள்ளி நானோத் துகளை ஏற்றி, மின்சாரம் இல்லாமலே நீரைச் சுத்தம் செய்யும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் என்ற விஞ்ஞானியின் குழு, இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசனைத் துணைகொண்டு வெள்ளித் துகளைச் சிறைப்படுத்தி, கிருமியைக் கொல்லும் அளவு வெள்ளி மட்டும் நீரில் கசியும்படி செய்து 2013இல் வெளியிட்டது. இவை இரண்டும் இலைச் சாற்று முறை அல்ல. ஆனால், உமியையும் ஓட்டையும் உலோகத்தோடு சேர்த்தால் ஏழை வீட்டுக் குடத்துக்கு நல்ல நீர் வரும் என்பதற்கு இவை சான்று. மலிவான விஞ்ஞானம் மட்டமான விஞ்ஞானம் அல்ல!

மூச்சும் ஆறும்

இனி, தொழிலாளி விடாமல் கேட்கவேண்டிய கேள்விக்கு வருவோம். கிருமியைக் கொல்லும் துகள், அதைச் செய்பவனை என்ன செய்யும்?

நீரில் மிதக்கும்போது பயம் குறைவு. உலர்த்திப் பொடியாக்கி, அள்ளிக் கொட்டும்போது அது காற்றில் பறக்கும். நுரையீரலின் அடி வரைக்கும் போகும். அமெரிக்க நாட்டின் தொழிற் பாதுகாப்பு, உடல்நல ஆராய்ச்சி நிறுவனம், எலிகளின் நுரையீரலிலும் ஈரலிலும் கண்ட கேடுகளை வைத்து, 2021இல் ஓர் அளவைப் பரிந்துரைத்தது. எட்டு மணி நேர வேலையில், ஒரு கன மீட்டர் காற்றில் நானோ வெள்ளி சராசரியாக 0.9 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது. ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை! துணியை முகத்தில் கட்டிக்கொண்டு சமாளிக்கும் அளவா இது? மூடிய பாத்திரம் வேண்டும். காற்றை இழுத்து வடிக்கும் கருவி வேண்டும். காற்றை அளக்கும் ஆள் வேண்டும். 'இலைதானே, மூலிகைதானே' என்று சொல்லி இவற்றையெல்லாம் மிச்சம் பிடிக்க ஒரு முதலாளி நினைத்தால், தொழிலாளி ஏமாறலாகாது. இலை உருவாக்கிய வெள்ளியும் வெள்ளிதான்!

துணிக்கும் இந்த வெள்ளி ஏறுகிறது. நாற்றம் வராத காலுறை என்று விற்கிறார்கள். 2008இல் அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள் அத்தகைய காலுறைகளைத் துவைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் நாலே துவைப்பில் வெள்ளி ஏறக்குறைய முழுவதும் நீரில் போயிற்று. அந்த நீர் எங்கே போகும்? கழிவைச் சுத்தம் செய்வதும் நுண்ணுயிர்களே. கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று பார்த்துக் கொல்ல வெள்ளிக்குத் தெரியாது.

பின்னலாடை நெய்யும் நமக்கு இது தூர தேசத்துச் செய்தியா? நொய்யலாறு சாயத்தில் மூழ்கியதைக் கண்டவர்கள் நாம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஆணையிட்டபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் ஆறு கெட்டது. பிறகு உழவனின் நிலம் கெட்டது. கடைசியில் பட்டறைத் தொழிலாளியின் வேலையும் போயிற்று. கழிவுக்கு வழி செய்யாமல் தொழிலைத் தொடங்கினால், தண்டனை வரும்போது கூலிக்காரன் தலையில்தான் முதலில் விழும். நானோத் தொழில் வளரும் முன்னரே அந்தப் பாடத்தைச் சட்டமாக்க வேண்டாமா?

இலை யாருடையது?

கடைசிக் கேள்வி. வேப்பமரம் யாருடையது? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வி நீதி மன்றம் போன்ற அவையில் பத்தாண்டு நடந்தது!

வேப்ப எண்ணெயைக் கொண்டு பயிரின் பூசணத்தை அழிக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாயத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற கம்பெனிக்கும் சேர்த்து, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் உரிமை வழங்கிற்று. நம் உழவன் வழிவழியாகச் செய்துவந்ததற்கு வேற்று நாட்டான் பட்டா! எதிர்த்து முறையிட்டார்கள். 2000இல் உரிமை ரத்தாயிற்று. மேல்முறையீடும் 2005இல் தோற்றது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே 1995இல் அமெரிக்காவில் உரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் வழக்காடி 1997இல் அதை முறித்தது.

நாளை, 'இந்த இலையால் இந்த உலோகத்தை இப்படித் துகளாக்குவது எங்கள் உரிமை' என்று வேறொருவன் வந்து நிற்கலாம். உண்மையிலேயே புதிதாகக் கண்டவனுக்குப் பலன் சேரட்டும். ஆனால் இலையைத் தந்த மண்ணுக்கும், அதன் குணத்தைச் சொல்லிவைத்த மக்களுக்கும் பங்கு உண்டா இல்லையா? உண்டு என்கிறது 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம். சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை எழுப்பி நடக்கவைப்பது மக்களின் விழிப்பு.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊருக்கு இந்தத் தொழில் வரும், வரவேண்டும். வரும்போது அஞ்சி ஓடவும் வேண்டாம், ஆரத்தி எடுக்கவும் வேண்டாம். காற்றை அளந்தாயா? கழிவுக்கு வழி செய்தாயா? மருந்து என்று விற்கிறாயே, மனிதரிடம் சோதித்த சான்று எங்கே? எங்கள் இலைக்கு எங்கள் பங்கு என்ன? இந்த நான்கையும் ஆலை வாசலில் நின்று கேளுங்கள்.

பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். உலைக்களத்துப் பிள்ளை ஃபாரடே ஆனதைச் சொல்லுங்கள். உடுக்கை அடிப்பவன் கையிலிருந்த வேப்பிலை ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. அந்த வாசலில் நம் பிள்ளையும் நுழையட்டும்!